எட்டாவது எழுத்து

பிளாவியா மச்சாது கொண்டுவந்த எண்ணில் பதினாறு எழுத்துகள் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் தப்பு.

2068-ஆம் வருடத்து மார்கழி அது. தூத்துக்குடி கைவாகு ஆய்வகத்தில் நான் ஆய்வாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த மாதத்தில் உப்பளங்களின் மேல் படியும் பனி காலை ஒன்பது மணிக்கும் விலகாது. எங்கள் அலுவலகத்துக் கண்ணாடிக்கு வெளியே வண்டிகள் தெளிவில்லாமல் வரும், யாரும் ஓட்டாமல் வந்து நிற்கும். வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் காட்சியைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டுவிடுவேன்.

கைவாகு என்றால் என்னவென்று இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். கார்கள் தாமாக ஓடத் தொடங்கிய காலத்தில் நம் சாலைகள் அவற்றுக்குப் பிடிபடவே இல்லை. எதிர்த்திசையில் வரும் பைக், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, சாலையை அடைத்துக்கொண்டு போகும் சப்பரம், இவற்றுக்கெல்லாம் அவற்றிடம் கணக்கு இல்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வண்டியை வாங்குகிறவர் முதலில் தம் கையாலேயே ஓட்டுவது. வண்டி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். எந்த இடத்தில் காலை எடுக்கிறார், எவ்வளவு முன்னால் பிரேக்கில் கால் வைக்கிறார், பள்ளத்தில் எப்படி இறங்குகிறார் என்பதெல்லாம் அதற்குள் போய்விடும். அதுதான் கைவாகு. பிறகு அவர் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். வண்டி அவரைப் போலவே ஓடும். அவர் செத்துப் போனாலும் அவரைப் போலவே ஓடும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பிளாவியா ஒரு பழைய இன்ஷூரன்ஸ் தாளை மேசைமேல் விரித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளிர்பச்சைச் சேலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி.

"எங்க வீட்டுக்காரரு வண்டிம்மா இது. அவுக இறந்து ஆறு வருஷமாச்சு. அந்தச் சமயம் எனக்கு எதையும் பாக்கப் பிடிக்கல. எந்தம்பி வித்துக் குடுத்துட்டான். இப்ப எங்க இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"நம்பர் பிளேட்டு மாறியிருக்கும்க்கா. ஆனா இந்தப் பதினேழு எழுத்து மாறாது. வண்டியோட சட்டத்துலயே அடிச்சிருப்பாங்க. பிறந்ததுல இருந்து நொறுக்குற வரைக்கும் இதான் அதோட பேரு."

"இது பேரா? எனக்கு மந்திரம் மாதிரி இருக்கு."

சிரித்தேன். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, தாளின்மேல் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.

"மொத எழுத்து எம். இந்தியாவுல செஞ்சதுன்னு அர்த்தம். அதோட சேத்து மொத மூணு எழுத்தும் எந்தக் கம்பெனின்னு சொல்லும். அடுத்த அஞ்சும் என்ன மாதிரி வண்டி, எத்தன கதவு, என்ன மோட்டார்னு சொல்லும். ஒன்பதாவது காவக்காரன். பத்தாவது வருஷம். பதினொண்ணு எந்த ஃபேக்டரி. கடைசி ஆறும் வரிசை நம்பர்."

"காவக்காரன்னா?"

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குக்கா. அது நிக்கிற இடத்துக்கும் ஒரு எடை இருக்கு. ரெண்டையும் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, பதினொண்ணால வகுத்தா வர்ற மீதிதான் ஒன்பதாவது இடத்துல இருக்கணும். யாராவது ஒரு எழுத்த மாத்துனாலும் கணக்கு இடிக்கும். இங்க பாருங்க, ஒன்பதாவது இடத்துல ஏழு இருக்கு. எனக்கு ஒண்ணு வருது."

அவர் முகம் வாடியது. "அப்ப இது கள்ள வண்டியா?"

"அவசரப்படாதீங்க." தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். பத்தாவது எழுத்தின்மேல் எப்போதோ தண்ணீர் பட்டிருந்தது. "இத அஞ்சுன்னு படிச்சேன். அஞ்சுன்னா 2035."

"அப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன்."

"அப்ப இது எஸ்." மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஏழு வந்தது. "எஸ்ஸுன்னா 2055."

"எஸ்ஸுக்கும் அம்பத்தஞ்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சும்மா ஒரு சுத்துதான்க்கா. முப்பது வருஷத்துக்கு ஒரு தடவ அதே எழுத்து திரும்பி வரும். 1995-ம் எஸ், 2025-ம் எஸ். நம்ம பிரபவ, விபவ வருஷம் அறுபதுக்கு ஒருக்கா வருதுல்ல, அந்த மாதிரி. ஐ, ஓ, க்யூ மூணும் இந்த நம்பர்ல எங்கயுமே வராது. ஒண்ணு, சைபர்னு குழம்பிரும்னு விட்டுட்டாங்க."

அவர் அந்த எழுத்துகளை உதட்டசைவில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது எழுத்தில் நின்றார். "இந்த எச்சு என்ன சொல்லுது?"

"தெரியலக்கா. இந்தக் கம்பெனி மூடி எட்டு வருஷமாச்சு. அவங்க அட்டவணை எங்ககிட்ட இல்ல. வண்டியக் கண்டுபிடிக்க அது தேவையில்ல."

அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி காயல்பட்டினத்தில் இருந்தது. சபுரா என்கிற பள்ளி ஆசிரியை ஐந்து வருடமாக வைத்திருந்தார். மறைந்தவர் கைவாகுச் சட்டப்படி, இறந்தவரின் மனைவியோ கணவனோ பிள்ளையோ அந்தக் கைவாகைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அதைப் படி எடுக்க முடியாது. வண்டியின் பதினேழு எழுத்துதான் அதன் பூட்டு. திறந்து எடுத்தால் பழைய வண்டியில் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு யாருடையதுமல்லாத, தொழிற்சாலையின் பொதுக்கையைப் போட்டு அனுப்புவோம். பொதுக்கை ஓட்டும் வண்டி எந்நேரமும் திடுக்கிட்டு எழுந்தவனைப் போல ஓடும்.

"மொதல்ல ஒரு தடவ ஏறிப் பாத்துக்கிடுதேன்," என்றார் பிளாவியா. "அவுகதானான்னு எனக்குத் தெரிஞ்சிரும். அவுக ஓட்டுனா மடியில வச்சிருக்கிற தண்ணி தளும்பாது."

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். சபுராவின் வீடு ஒரு நீண்ட சந்துக்குள் இருந்தது. நீலம் வெளிறிய அந்த வண்டி வாசலை ஒட்டி நின்றது. சபுராவின் மகள் ஹஸீனா அதன் பின் சீட்டில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத சின்ன உடம்பு, கண்ணின் வெள்ளைப் பகுதியில் லேசான நீலம்.

"எலும்பு கண்ணாடி மாதிரி," என்றார் சபுரா. அதைப் பலமுறை சொல்லிப் பழகிய குரல். "பிறவியிலேயே அப்புடி. ஸ்கூல் வேன் ஒரு தடவ பிரேக் போட்டதுல காறை எலும்பு போச்சு. வாடகைக் காருல போனோம், விலா எலும்பு ரெண்டு. இந்த வண்டி வந்த பொறவு அஞ்சு வருஷமா ஒண்ணுமில்ல. அல்ஹம்துலில்லாஹ்."

"எங்க காக்கா அப்புடி ஓட்டுவாஹ," என்றாள் ஹஸீனா உள்ளேயிருந்து.

அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வண்டிக்குள் இருக்கும் கைக்கு அவள் வைத்த பெயர் அது.

நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பதைக் கடிதத்தில் முன்பே தெரிவித்திருந்தேன். சபுரா வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கோ, பாத்துட்டு வாங்கோ," என்றார்.

பிளாவியா பின் சீட்டில் ஹஸீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால். என் வலப்புறம் காலியான ஓட்டுநர் இருக்கை. வண்டி புறப்பட்டது எங்களுக்குத் தெரியவில்லை. சுவர்கள்தான் மெல்லப் பின்னால் போகத் தொடங்கின. சந்து முனையில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. அவசரமில்லாமல், ஒருமுறை சற்றே தயங்கி. பள்ளம் வருவதை வெகுதூரத்திலேயே உணர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் வேகம் தணிந்தது. ஒரு சக்கரம் இறங்கியது, பிறகு இன்னொன்று. கடற்கரைச் சாலையில் வெயில் பனியோடு கலந்து, சாலை எது வானம் எது என்று தெரியாமல் பால்போல் கிடந்தது. நாங்கள் அதற்குள் மிதந்து போனோம். கண்ணாடியில் பார்த்தேன். பிளாவியா அந்தக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அவுகதான்," என்றார்.

"காக்கா பேரு என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஹஸீனா.

"கஸ்பார். கப்பல்ல எஞ்சினியரு."

"கடல்ல ஓட்டுறதுனாலதான் இப்புடி மெதுவா ஓட்டுறாஹளா?"

பிளாவியா அவள் கையைத் தொடப் போய், தொட்டால் என்னாகுமோ என்று பயந்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் சபுரா டீ கொடுத்தார். பிளாவியா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். சபுரா அதைப் பார்த்தபடியே நின்றார்.

"உங்க மாப்பிள்ளைய நீங்க கேக்குறியோ. நான் என்ன சொல்ல? எம்மாப்பிள்ளையா இருந்தா நானும் கேப்பேன்." டம்ளரைக் கழுவப் போனவர் திரும்பினார். "பங்குனி வரைக்கும் டயம் தாங்கோ. பரீட்சை முடியட்டும். பொறவு வீட்ல வச்சே படிக்க வச்சிக்கிடுவேன்."

திரும்பும் வழியில் பிளாவியா விண்ணப்ப நகலை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். ஆத்தூர் தாண்டிய பிறகு, "நான் பாவம் செய்யுதேனா செண்பகம்?" என்று கேட்டார்.

"சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்குக்கா."

"நான் கேட்டது அத இல்ல."



கைவாகைத் திறக்கப் பதினேழு எழுத்துக்கும் பொருள் எழுதியாக வேண்டும். எட்டாவது மட்டும் காலியாக நின்றது. ஓசூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். பத்து நாள் கழித்து அவர் ஒரு பழைய அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினார். எட்டாவது இடம், வண்டி கற்றுக்கொள்ளும் விதம். கே என்றால் ஓடும் காலமெல்லாம் கற்கும். எச் என்றால் முதல் நூறு நாள். நூறாவது நாள் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் யார் ஓட்டினாலும் எதையும் ஏற்காது. தொடக்க கால வண்டிகள் சிலவற்றை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பதிவேட்டைப் பார்த்தேன். வண்டி கைக்கு வந்த நாள் 2055 ஜூன் மூன்று. பிளாவியாவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, வண்டி வாங்குனதுல இருந்து நூறு நாளு யாரு ஓட்டுனா?"

 மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது.

"அவுக கப்பல்ல இருந்தாக," என்றார். "தீபாவளி கழிச்சுத்தான் வந்தாக. ஏன் கேக்குத?"

சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு. எட்டாவது இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் ஒரு பெண்ணுக்கு அவள் கணவன் கிடைத்திருப்பான். ஆனால் எச்சின் பொருளை அப்போதே கணினியில் ஏற்றிவிட்டிருந்தேன். ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

மத்தியானம் பிளாவியா அலுவலகத்துக்கு வந்தார். வெயிலில் நடந்தே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு மூணு மாசம்," என்றார். "அதுக்கு முன்ன ரெண்டு தடவ தங்கல. இந்தத் தடவ பாளையங்கோட்டைல ஒரு டாக்டரு. வாரத்துக்கு ரெண்டு நாளு போகணும், ஊசி போடணும். அவுக போன்ல சொன்னாக, பஸ்ஸுல போகாத, ஒரு வண்டி எடுன்னு. நானே எடுத்தேன். நானே ஓட்டுனேன். வல்லநாட்டு ரோட்டுல எங்க எங்க பள்ளம்னு எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பள்ளத்துலயும் வயித்துல ஒரு கைய வச்சிக்கிடுவேன்."

நிறுத்தினார். டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"ஏழாம் மாசம் போயிருச்சு. பொம்பளப் பிள்ள. எங்க மாமி ஆஸ்பத்திரியிலயே சொன்னாக, நீ வண்டி ஓட்டுன, குலுங்கிக் குலுங்கித்தான் பிள்ள போச்சுன்னு. அதுக்கப்புறம் நான் ஸ்டீயரிங்க தொடல. பதிமூணு வருஷம்."

"உங்க வீட்டுக்காரரு?"

திடீரென்று அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவுகளா? பேய் மாதிரி ஓட்டுவாக. ஆரன்ல இருந்து கைய எடுக்க மாட்டாக. நான் பின்னால உக்காந்து ஜெபம் சொல்லிட்டு வருவேன். எப்படி மறந்தேன் பாரு. செத்த பொறவு அவுகள நல்ல டிரைவரா ஆக்கிட்டேன்."

சிரிப்பு ஓய்ந்தது. மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவுக எங்கம்மா?" என்று கேட்டார். "அந்த வண்டிலயும் இல்லன்னா, எங்கயும் இல்லயா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  சிறிது நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னேன்.

"அக்கா, இன்னொரு சிக்கல் இருக்கு. யாரோட கைவாகுன்னு உறுதியா தெரியாத வண்டி ரோட்டுல ஓடக் கூடாது. பதிவேட்டுல கஸ்பார்னு இருக்கு. எட்டாவது எழுத்து அது அவர் இல்லன்னு சொல்லுது. உங்களோடதுன்னு நிரூபிக்கணும். இல்லன்னா பதினஞ்சு நாளைக்குள்ள அழிச்சிருவாங்க."

"எப்படி நிரூபிக்க?"

"நீங்க ஓட்டணும்."

பொங்கலுக்கு முந்தைய வாரம் சபுரா வண்டியைக் கொண்டுவந்தார். ஹஸீனாவும் கூட வந்திருந்தாள். ஆய்வகத்தின் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. அங்கே வேகத்தடை, பள்ளம், வளைவு, குறுக்கே வந்து போகும் ஒரு பொம்மை ஆடு எல்லாம் வைத்திருந்தோம். வண்டியைக் கையோட்டத்துக்கு மாற்றி, உள்ளிருக்கும் கைவாகோடு ஒப்பிடும் கருவியைப் பொருத்தினேன். மூன்று சுற்று ஓட்டலாம். ஏதாவது ஒரு சுற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்துவந்தால் கைவாகு அவருடையது.

பிளாவியா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். வண்டி விம்மி, உதறி நின்றது. மறுபடி கிளம்பியது. பள்ளத்துக்கு முன்னால் பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஆட்டைப் பார்த்ததும் ஐயோ என்று கத்திக் கையைத் தூக்கிவிட்டார்.

முப்பத்தெட்டு.

இரண்டாம் முறை கொஞ்சம் பரவாயில்லை. நாற்பத்தொன்று. இறங்கி வந்து வேப்பமரத்தடியில் நின்றார். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது நான் இல்லம்மா," என்றார். "இருந்திருந்தா வந்திருக்கும். அந்தப் பொம்பள எப்பவோ செத்துட்டா."

சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குக் கருவியின் திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி.

"நான் கூட ஏறிக்கிடவா?" என்றாள் ஹஸீனா.

"நீ சும்மா இரி," என்றார் சபுரா சட்டென்று.

"உம்மா, நான் இருந்தாத்தான் அவங்களுக்கு வரும்."

"இப்பப் பாத்தியல்ல, எப்புடி உதறுனிச்சுன்னு? ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அழிச்சிட்டா நாளைக்கி எப்புடியும் வேற வண்டிலதானே போகணும்?"

 பிளாவியா வேண்டாம் என்று தலையசைத்தார். சபுரா பிளாவியாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. பிறகு மகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, கதவை ஓசையில்லாமல் மூடினார்.

பிளாவியா மறுபடி ஏறினார். கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் சாலையைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை தளர்ந்தது. நெடுநேரம் வண்டி அசையவில்லை. அசைந்தபோது அது எப்போது அசைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொட்டலின் புழுதிகூட எழும்பவில்லை. வேகத்தடையை ஏறியது, வள்ளம் அலையில் ஏறி இறங்குவதுபோல். பள்ளத்தின் விளிம்பில் அவர் இடக்கை தன்னையறியாமல் ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே போய், வயிற்றின்மேல் ஒரு கணம் படிந்து, திரும்பி வந்தது. சபுராவும் அதைப் பார்த்தார்.

ஆடு குறுக்கே வந்தது. வண்டி அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது.

தொண்ணூற்றாறு.

எண்ணை உரக்கப் படித்தேன். பிளாவியா காதில் வாங்கவில்லை. வண்டியை நிறுத்தியதும் பின்னால் திரும்பினார்.

"வலிச்சிச்சா?"

"இல்ல ஆன்ட்டி."

"எங்கயும்?"

"எங்கயும் இல்ல."

"குலுங்குச்சா? உண்மையச் சொல்லு."

"ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. எப்பவும் போலத்தான் இருந்திச்சு."

பிளாவியா ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. ஹஸீனா நிதானமாகக் கையை நீட்டி அவர் முதுகில் வைத்தாள். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை.

அலுவலகத்துக்குள் வந்து படிவத்தை எடுத்தேன். உயிரோடிருக்கிறவரின் கைவாகு என்றால் சட்டம் வேறு. மூன்று கட்டம். எடுத்துக்கொள்கிறேன், அழித்துவிடுங்கள், வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். பிளாவியா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"செண்பகம், அதுக்குள்ள அந்த நாளு வேற ஏதாவது இருக்குமா? எங்க போனேன், என்ன பேசுனேன்? நான் அவகிட்ட பேசிக்கிட்டே ஓட்டுவேன்."

"இல்லக்கா. பழக்கம் மட்டும்தான் இருக்கும். பேச்சு, வழி எதுவும் இருக்காது."

தலையசைத்தார். அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. அதை நான் பார்த்தேன். முதல் கட்டத்தின்மேல் பேனா முனை நின்று, ஒரு புள்ளி மை ஊறியது. அந்த நூறு நாளுக்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி இல்லை. பிறகு மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் தம் பெயரை முழுசாக எழுதினார்.

சபுரா நன்றி சொல்லவில்லை. "வீட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போங்கோ லாத்தா," என்றார். "மீன் ஆணம் இரிக்கி." அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள், குழம்பை ஆணம் என்பார்கள்.

பெயர் மாற்றி மறுமுத்திரை இட்ட வண்டியோடு முதல் பயணத்துக்கு ஆய்வாளர் ஒருவர் போக வேண்டும் என்பது விதி. நானும் ஏறினேன். சபுராவும் ஹஸீனாவும் பிளாவியாவும் பின்னால். முன்னால் நானும் காலி இருக்கையும். தூத்துக்குடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். சாயங்கால வெளிச்சத்தில் பாத்திகளெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தன. உப்புக் குவியல்களுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகக் கிடந்தது.

"அப்ப உங்க கூட வண்டில யாரு இருந்தா ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஹஸீனா. "என்னய மாதிரி யாராவது இருந்திருக்கணும். இல்லன்னா இப்புடி ஓட்ட மாட்டியோ."

சபுரா அவளை அதட்ட வாயெடுத்தார். பிளாவியா கை காட்டித் தடுத்தார்.

"எம்மவ இருந்தா. உன்னவிட ஒரு வயசு மூத்தவ."

"பேரு என்ன?"

"வெளிய யாருக்கும் சொன்னதில்ல. மனசுக்குள்ள கூப்புடுறதுதான்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "மரீனா."

"மரீனா," என்று ஹஸீனா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்லா இரிக்கி." 

முக்காணிப் பாலம் வருவதற்கு முன்பே பிளாவியா தூங்கிவிட்டார். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் ஏதோ கேட்கத் திரும்பியபோது ஹஸீனா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

பாலத்தைத் தாண்டி ஒரு மந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வண்டி தூரத்திலேயே அதைக் கண்டிருக்க வேண்டும். வேகம் எப்போது குறைந்தது, எப்போது நின்றோம் என்று எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளாடுகள், செம்மறிகள், பின்னால் ஒரு நொண்டிக் குட்டி. யாரும் ஆரன் அடிக்கவில்லை. கடைசிக் குட்டியும் இறங்கிப் போன பிறகு ஸ்டீயரிங் மெல்ல அசைந்தது. வண்டி, உறங்கும் பெண்ணை எழுப்பாமல், சாலையின் மேடு பள்ளங்களில் ஒவ்வொரு சக்கரமாக இறங்கி ஏறி, அவரைக் கொண்டுபோனது.